டோக்கியோவுக்குப் புறப்படும் முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டோக்கியோவுக்கு முதன்முறையாக, ஒரு வாரமோ இரண்டு வாரமோ சுற்றிப் பார்க்கச் செல்பவர்களுக்காக இந்தப் பக்கம் எழுதப்பட்டது. பயணம் முடிவானதும் உறவினர்களும் நண்பர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையே இங்கே தொகுத்திருக்கிறேன். அங்கே என்னென்ன பார்க்கலாம் என்று சொல்ல ஏராளமானோர் இருக்கிறார்கள். வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே முடித்துவிட வேண்டியவை எவை, போன பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடியவை எவை என்று பிரித்துச் சொல்வதே என் நோக்கம்.

டோக்கியோ ஒழுங்கும் பாதுகாப்பும் மிகுந்த நகரம் என்கிறார்களே, அப்படியிருக்க இவ்வளவு முன்தயாரிப்பு எதற்கு?

ஒழுங்கான நகரம் என்பதால்தான் தயாரிப்பு வேண்டும். அங்கே விதி யாருக்காகவும் வளைவதில்லை. கடைசி ரயில் போய்விட்டால் விடிகாலை வரை அடுத்தது கிடையாது. தடைசெய்யப்பட்ட மருந்து பையில் இருந்தால், தெரியாமல் கொண்டுவந்துவிட்டேன் என்ற விளக்கம் எடுபடாது. முன்பதிவு இல்லாமல் உள்ளே விடமாட்டோம் என்று எழுதியிருக்கும் இடத்தில் எவ்வளவு கெஞ்சினாலும் கதவு திறக்காது. மிகுந்த மரியாதையோடு தலை வணங்கி மறுத்துவிடுவார்கள். அதே ஒழுங்கு, விவரம் தெரிந்து வருபவருக்குப் பெரிய துணையாக நிற்கும். எனவே எந்த விதிகள் நம்மைத் தொடும் என்பதை ஊரிலேயே தெரிந்துகொள்வதுதான் தயாரிப்பின் பெரும்பகுதி.

விசாவும் மற்ற ஆவணங்களும் எப்படி?

இது உங்கள் குடியுரிமையைப் பொறுத்தது. சிங்கப்பூர்க் குடிமக்களும், சில்லு பதித்த கடவுச்சீட்டு வைத்திருக்கும் மலேசியக் குடிமக்களும் குறுகிய காலச் சுற்றுலாவுக்கு விசா இல்லாமலே செல்லலாம். இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் விசா பெற்றாக வேண்டும். விண்ணப்பத்தோடு, எந்த நாளில் எங்கே இருப்பீர்கள், எங்கே தங்குவீர்கள் என்று நாள்வாரியான பயணத் திட்டமும் கேட்பார்கள். அதைக் கடனுக்கு நிரப்பாமல் உண்மையாகவே யோசித்து எழுதுங்கள். பிறகு அதுவே உங்களுக்கு வழிகாட்டியாக உதவும்.

மின்விசா பெற்றவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. விசா வழங்கப்பட்டதற்கான அறிவிப்பை இணையத் தொடர்போடு கைபேசித் திரையில் நேரடியாகத் திறந்து காட்ட வேண்டும்; அச்சிட்ட தாளோ, திரையைப் படம்பிடித்து வைத்த நகலோ ஏற்கப்படாது. எனவே விமான நிலையத்தில் இறங்கியவுடன் கைபேசியில் இணையம் இயங்க வேண்டும்.

குடிவரவு, சுங்க விவரங்களை ‘விசிட் ஜப்பான் வெப்’ என்ற அரசுத் தளத்தில் முன்கூட்டியே பதிவுசெய்தால் ஒரு க்யூஆர் குறியீடு கிடைக்கும். அதைக் காட்டினால் வரிசையில் நின்று படிவம் நிரப்பும் வேலை மிச்சமாகும். நுழையும்போது இரண்டு ஆள்காட்டி விரல்களின் ரேகையையும் முகப் படத்தையும் பதிவுசெய்வார்கள். அதன் பிறகு, நகரில் நடமாடும் எல்லா நேரமும் அசல் கடவுச்சீட்டைக் கையிலேயே வைத்திருக்க வேண்டும் என்பது அங்குள்ள சட்டம். விடுதி அறையில் பூட்டிவைத்துவிட்டு நகலோடு திரியும் பழக்கம் இங்கே செல்லாது.

எந்த மாதத்தில் போவது நல்லது?

மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை செர்ரி பூக்கும் காலம். முழு மலர்ச்சி ஒரு வாரம்தான் நிற்கும். அந்த நாள்களில் விடுதி வாடகை எகிறும். ஜூனிலிருந்து ஜூலை நடுப்பகுதி வரை மழைக்காலம். ஜூலை, ஆகஸ்டில் 35 பாகை வரை வெயிலோடு பிசுபிசுக்கும் புழுக்கமும் சேரும்; நமக்குத் தெரியாத வெயிலா என்று நினைத்துப் போனவர்களும் அந்தப் புழுக்கத்தில் சோர்ந்து போனதைப் பார்த்திருக்கிறேன். ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை சூறாவளிக்கு வாய்ப்புண்டு. என்னைக் கேட்டால், அக்டோபர் பிற்பகுதியும் நவம்பரும்தான் முதல் பயணத்துக்கு உகந்தவை என்பேன்: வானம் தெளிந்திருக்கும், நடக்கக் குளிர்ச்சியாக இருக்கும், நவம்பர் கடைசியில் கிங்கோ மரங்கள் மஞ்சளாகிவிடும். ஜனவரி கடுங்குளிர்தான், ஆனால் வறண்ட, வெயில் அடிக்கும் குளிர்.

தவிர்க்க வேண்டிய நாள்கள் இரண்டு. ஏப்ரல் 29 முதல் மே 5 வரை வரும் தொடர் விடுமுறையில் நாடே பயணம் கிளம்பும். டிசம்பர் கடைசி நாள்களிலிருந்து ஜனவரி 3 வரை அருங்காட்சியகங்களும் பல கடைகளும் மூடியிருக்கும்.

வழக்கமாகச் சாப்பிடும் மருந்துகளைக் கொண்டுபோகலாமா?

இந்தப் பக்கத்தில் நிதானமாகப் படிக்க வேண்டிய பதில் ஒன்று உண்டென்றால் அது இதுதான். மற்ற தவறுகளுக்குப் பணமும் நேரமும்தான் போகும். இதில் கைது வரை போக வாய்ப்பிருக்கிறது.

மருத்துவர் எழுதித் தந்த மருந்துகளைச் சொந்த உபயோகத்துக்கு ஒரு மாத அளவு வரை கொண்டுசெல்லலாம். அதற்கு மேல் வேண்டுமென்றால் முன்கூட்டியே ஜப்பானிய சுகாதார அமைச்சிடம் விண்ணப்பித்து இறக்குமதி உறுதிச் சான்று பெற வேண்டும். இது சாதாரண மருந்துகளுக்கு. ஆம்ஃபெட்டமின் சேர்ந்த மருந்துகள், கவனக்குறைவுக் கோளாறுக்காக வேறு நாடுகளில் மருத்துவர்களே எழுதித் தருபவையாக இருந்தாலும், ஜப்பானில் முழுத் தடைக்குரியவை. மருத்துவச் சீட்டு காட்டினாலும் பயனில்லை. மூக்கடைப்புக்கும் சளிக்கும் பலரும் வாங்கும் மாத்திரைகளில் சூடோஎஃபெட்ரின் இருக்கும். அது 10 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் அந்த மாத்திரையும் தடைக்குரியதே. கோடீன் கலந்த இருமல் மருந்துகளுக்கும் வலி மாத்திரைகளுக்கும் அளவைப் பொறுத்துக் கட்டுப்பாடு உண்டு. தூக்க மாத்திரை, மனப்பதற்றத்துக்கான மாத்திரை ஆகியவற்றுக்குத் தனி அளவு வரம்புகள் இருக்கின்றன.

எனவே மருந்துப் பெட்டியைக் கவிழ்த்து, ஒவ்வோர் அட்டையின் பின்புறத்திலும் சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் மூலப்பெயரைப் படியுங்கள். கடையில் நாம் சொல்லிக் கேட்கும் பெயர் அங்கே உதவாது. மூலப்பெயர்களை ஒரு தாளில் எழுதி, மருத்துவரின் ஆங்கிலச் சீட்டோடு இணைத்து, மருந்துகளை அவற்றின் அசல் அட்டையிலேயே வைத்துக் கைப்பையில் கொண்டுபோங்கள். ஏழு நாள் கட்டம் போட்ட மாத்திரை டப்பாவில் எல்லாவற்றையும் பிரித்துப் போட்டு எடுத்துச் செல்வது வீட்டில் வசதிதான். ஆனால் சுங்க மேசையில் அது எந்த மாத்திரை என்று யாராலும் சொல்ல முடியாது. சந்தேகம் இருந்தால் குறைந்தது ஒரு மாதம் முன்பே தூதரகத்திடம் எழுதிக் கேட்டுவிடுங்கள்.

உணவுப் பொருள்களை எடுத்துச் செல்லலாமா?

இறைச்சி எந்த வடிவிலும் கூடாது. உலர்த்தியது, பொரித்தது, டப்பாவில் அடைத்தது எல்லாம் இதில் அடக்கம். பழம், காய், பச்சைக் கறிவேப்பிலை போன்றவற்றைத் தாவரச் சுகாதாரச் சான்று இல்லாமல் கொண்டுசெல்லக் கூடாது. கடையில் முத்திரையிட்டு விற்கும் மசாலாப் பொடி, பருப்புப் பொடி போன்றவற்றால் பொதுவாகச் சிக்கல் வருவதில்லை. எதுவாயினும் சுங்கப் படிவத்தில் மறைக்காமல் குறிப்பிடுங்கள்.

எந்தப் பகுதியில் தங்குவது?

வரைபடத்தில் யாமானோதே ரயில்பாதையைத் தேடுங்கள். நகரின் நடுப்பகுதியைச் சுற்றி வட்டமாக ஓடும் இந்தப் பாதையின் நீளம் 34.5 கிலோமீட்டர், 30 நிலையங்கள், ஒரு சுற்று வர ஏறக்குறைய ஒரு மணி நேரம். இந்த வட்டத்தின் மேலோ, அதிலிருந்து இரண்டு மூன்று நிலையத் தொலைவிலோ தங்கினால் எங்கு போவதும் எளிது. நிலையத்திலிருந்து விடுதிக்கு நடக்கும் தூரம் பத்து நிமிடத்துக்குள் இருக்கட்டும். நாள் முழுவதும் நடந்து களைத்து வரும் இரவில் அந்த கடைசிப் பத்து நிமிடம் மிக நீளமாகத் தெரியும்.

முதல் பயணத்துக்கு உவேனோ, அசாகுசா பகுதிகளை நான் பரிந்துரைப்பேன். நரீதா விமான நிலையத்திலிருந்து நேரடி ரயில் உண்டு, தெருக்களில் மனிதர்கள் வசிக்கிறார்கள் என்ற உணர்வும் இருக்கும். ஷின்ஜுகு வசதியான இடம்தான். ஆனால் அந்த ரயில் நிலையத்துக்கு 200க்கும் மேற்பட்ட வாயில்கள். உலகிலேயே அதிகப் பயணிகள் வந்துபோகும் நிலையம் என்று கின்னஸ் பதிவு பெற்றது. பெட்டிகளோடும் குழந்தைகளோடும் முதல் இரவில் இறங்குவதற்கு ஏற்ற இடமல்ல.

அறைகள் சிறியவை, இரண்டு பெரிய பெட்டிகளை ஒரே நேரத்தில் விரித்து வைக்க இடம் கிடைக்காது. தனியார் வீட்டை வாடகைக்கு எடுப்பதானால், 2018இல் வந்த சட்டத்தின்படி அதற்குப் பதிவு எண் இருக்க வேண்டும். விளம்பரத்தில் அந்த எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

நரீதா, ஹனேதா: எந்த விமான நிலையத்தில் இறங்குவது நல்லது?

ஹனேதா நகருக்கு அருகே, தெற்கில் இருக்கிறது. நரீதா கிழக்கே சுமார் 60 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. கட்டண வேறுபாடு சிறிதாக இருந்தால் ஹனேதாவையே தேர்ந்தெடுங்கள். அதைவிட முக்கியம், இறங்கும் நேரம். இரவு பத்து மணிக்கு மேல் நரீதாவில் இறங்கும் மலிவான பயணச்சீட்டில் மிச்சமாகும் தொகையை, குடிவரவு முடிந்து வெளியே வரும்போது ரயில் இல்லாமல் போய் டாக்சிக்குக் கொடுக்க நேரலாம். 60 கிலோமீட்டர் டாக்சிப் பயணம் அங்கே மிகப் பெரிய செலவு. இரவு பத்து முதல் காலை ஐந்து வரை டாக்சிக் கட்டணம் 20 விழுக்காடு கூடுதல் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். அப்படி ஒரு சீட்டை ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால், முதல் இரவுக்கு மட்டும் விமான நிலையத்தின் அருகிலேயே அறை எடுத்துவிடுவது நல்லது.

பெரிய பெட்டிகளை விமான நிலையத்திலுள்ள பொதி அனுப்பும் நிறுவன முகப்பில் கொடுத்துவிட்டால், பெரும்பாலும் மறுநாள் விடுதிக்கே வந்து சேரும். ஒரு நாளைக்கு வேண்டிய உடையும் மருந்தும் மட்டும் தோள்பையில் வைத்துக்கொண்டு ரயிலில் ஏறலாம். வயதான பெற்றோரை அழைத்துச் செல்பவர்களுக்கு இதைவிட நல்ல செலவு இல்லை.

ரயிலைப் புரிந்துகொள்வது மிகவும் கடினமா? எந்தச் சீட்டு வாங்குவது?

வரைபடத்தைப் பார்த்தால் மலைப்பாகத்தான் இருக்கும். சுரங்கப்பாதை மட்டும் 13 தடங்கள். அவற்றில் 9 டோக்கியோ மெட்ரோ நிறுவனத்துடையவை, 4 தோயெய் எனப்படும் மாநகர நிர்வாகத்துடையவை. இவற்றுக்கு மேல், யாமானோதே உள்ளிட்ட ஜேஆர் (ஜப்பான் ரயில்வே) நிறுவனத்தின் ரயில்கள், அதற்கும் மேல் தனியார் ரயில்கள். ஆனால் முழு வரைபடத்தையும் மனத்தில் வைக்க வேண்டிய தேவையே இல்லை. ஒவ்வொரு சுரங்கத் தடத்துக்கும் ஒரு நிறமும் எழுத்தும், ஒவ்வொரு நிலையத்துக்கும் ஓர் எண்ணும் உண்டு. கின்ஸா தடத்தில் ஷிபுயா ஜி-01, அசாகுசா ஜி-19. எண் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்த்தாலே சரியான திசையில் போகிறோமா என்பது தெரிந்துவிடும். பெயர் வாயில் நுழையாவிட்டாலும் எண்ணைப் பிடித்துக்கொண்டு போய்விடலாம்.

எந்த வாயில் வழியாக வெளியேறுவது என்பதை மட்டும் ரயில் ஏறும் முன்பே குறித்துக்கொள்ளுங்கள். ஏ1, பி3 என்று வாயில்களுக்குப் பெயர் இருக்கும். தவறான வாயிலில் ஏறி வந்துவிட்டால் எட்டுவழிச் சாலையின் மறுபக்கத்தில் நிற்போம்; சரியான இடத்துக்கு வரக் கால் மணி நேரம் பிடிக்கும்.

சீட்டு விஷயம் எளிது. சுய்கா அல்லது பாஸ்மோ என்ற தொட்டுச் செல்லும் அட்டையை ஆளுக்கு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஓர் அட்டையை இருவர் பகிர முடியாது. ரயில், பேருந்து, பானம் விற்கும் இயந்திரம், சிறுகடை எல்லாவற்றிலும் இது செல்லும். சுற்றுலாப் பயணிகளுக்கான ‘வெல்கம் சுய்கா’ அட்டை இரண்டு விமான நிலையங்களிலும் கிடைக்கும். 28 நாள் செல்லும், மீதித் தொகை திரும்பக் கிடைக்காது என்பதால் கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் ஏற்றுங்கள். ஐஃபோனில் சுய்காவை ஊரிலிருந்தே சேர்த்துவைக்க முடியும். ஜப்பானுக்கு வெளியே விற்கப்படும் பெரும்பாலான ஆண்ட்ராய்டு கைபேசிகளில் அது இயலாது, அட்டைதான் வழி.

ஒரு நாளில் நான்கைந்து முறை சுரங்க ரயிலில் ஏறி இறங்குவீர்கள் என்றால் 24, 48, 72 மணி நேரச் சுரங்கப்பாதைச் சீட்டுகள் லாபம். முதன்முறை வாயிலைக் கடக்கும் நிமிடத்திலிருந்து அதன் நேரம் ஓடத் தொடங்கும், ஜேஆர் ரயில்களில் அது செல்லாது. நாடு முழுவதற்குமான ரயில் பாஸ் டோக்கியோவுக்குள் மட்டும் இருப்பவர்களுக்கு வேண்டவே வேண்டாம். 2023 அக்டோபரில் ஏழு நாள் பாஸின் விலை 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னாக உயர்த்தப்பட்டது. பழைய குறிப்புகளைப் படித்துவிட்டு இன்னமும் பலர் அதை வாங்கி ஏமாறுகிறார்கள்.

ரயில்கள் நள்ளிரவையொட்டி நின்றுவிடும். மறுபடி ஓடுவது காலை ஐந்து மணிவாக்கில். வெளியே இரவுணவுக்குப் போகும்போதே உங்கள் நிலையத்துக்கான கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்று பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். காலை ஏழரை முதல் ஒன்பது வரை அலுவலக நெரிசல். குழந்தைகளோடு அந்த நேரத்தில் ஏறாமலிருப்பது நல்லது. பல தடங்களில் அந்த வேளையில் பெண்களுக்கு மட்டுமான பெட்டி உண்டு. நடைமேடைத் தரையில் இளஞ்சிவப்பில் எழுதியிருக்கும்.

முகவரியைக் கையில் வைத்திருந்தும் இடம் கிடைக்கவில்லை என்கிறார்களே?

அங்கே பெரும்பாலான தெருக்களுக்குப் பெயர் கிடையாது. 3-12-7 என்று முகவரி இருந்தால், மூன்றாம் பிரிவு, அதில் பன்னிரண்டாம் மனைத்தொகுதி, அந்தத் தொகுதியில் ஏழாம் கட்டடம் என்று பொருள். தெருவைப் பிடித்துக்கொண்டு வரிசையாக எண் தேடினால் குழம்பிப் போவோம்.

என் முதல் பயணத்தில் இரவு எட்டு மணிக்கு அசாகுசா பக்கம் ஒரு சந்தில் இப்படித்தான் நின்றேன். கைபேசியில் சார்ஜ் தீர்ந்திருந்தது. நல்லவேளையாக, விடுதியின் பெயரையும் முகவரியையும் ஜப்பானிய எழுத்தில் அச்சிட்ட ஒரு தாள் சட்டைப்பையில் இருந்தது. மூலையில் சிவப்பு விளக்கு எரிந்த கோபானுக்குப் போனேன். கோபான் என்பது சிறிய காவல் சாவடி, நகரெங்கும் இருக்கும். உள்ளே இருந்த காவலர் தாளை வாங்கி, ஒவ்வொரு கட்டடத்தின் பெயரும் பொடி எழுத்தில் அச்சிட்ட தடிமனான வரைபடப் புத்தகத்தைப் பிரித்து, பக்கத்தைப் புரட்டி, ஒரு சின்னக் கட்டத்தில் விரலை வைத்தார். பிறகு தொப்பியை மாட்டிக்கொண்டு சந்தின் திருப்பம் வரை என்னோடு நடந்து வந்து, அங்கே நின்று, மூன்றாவது கதவைக் கையால் காட்டினார். நாங்கள் இருவரும் ஒரு சொல்கூடப் புரியும்படி பேசிக்கொள்ளவில்லை.

அன்றிலிருந்து யார் போனாலும் அந்தத் தாளைத்தான் முதலில் தயார் செய்யச் சொல்கிறேன். விடுதியின் பெயர், முகவரி, தொலைபேசி எண், அருகிலுள்ள நிலையம், வாயில் எண் ஆகியவை ஜப்பானிய எழுத்தில் இருக்கட்டும். குடும்பத்தில் ஒவ்வொருவரிடமும், குழந்தைகளிடமும் ஒரு பிரதி இருக்கட்டும்.

பணத்தை எப்படிக் கொண்டுபோவது?

கடன் அட்டை இப்போது பெரும்பாலான இடங்களில் செல்லும். ஆனாலும் சிறிய உணவகங்கள், கோயில்கள், பழைய கடைகள் ரொக்கமே கேட்கும். சுய்காவில் பணம் ஏற்றும் பல இயந்திரங்களும் நோட்டைத்தான் வாங்கும். செவன்-இலெவன் கடைகளிலும் அஞ்சலகங்களிலும் உள்ள ஏடிஎம்களில் வெளிநாட்டு அட்டைகள் செல்லும், ஆங்கிலத் திரையும் உண்டு. கிளம்பும் முன் உங்கள் அட்டையில் வெளிநாட்டுப் பயன்பாடு திறந்திருக்கிறதா, அதற்கான ரகசிய எண் நினைவிருக்கிறதா என்று பாருங்கள். வங்கியின் ஒருமுறைக் கடவுச்சொல் உள்ளூர் எண்ணுக்கே வரும் என்பதால் அந்த சிம்மில் ரோமிங் வேலை செய்ய வேண்டும். இதை மறந்துவிட்டு அங்கே போய்த் தவித்தவர்களை எனக்குத் தெரியும்.

சில்லறைக்குத் தனிப் பை வைத்துக்கொள்ளுங்கள். 500 யென் வரை நாணயங்களாகவே வரும். 2024 ஜூலை 3 முதல் புதிய நோட்டுகள் வந்திருக்கின்றன. பழைய நோட்டுகளும் செல்லும். டிப்ஸ் தரும் வழக்கம் இல்லை. மேசையில் விட்டு வந்தால், மறந்துவிட்டீர்கள் என்று பின்னால் ஓடிவந்து கொடுப்பார்கள்.

சைவ உணவு சாப்பிடுபவர்கள் சமாளிக்க முடியுமா?

முடியும், ஆனால் தானாக அமையாது. சிக்கல் இறைச்சியில் இல்லை, டாஷியில் இருக்கிறது. டாஷி என்பது ஜப்பானியச் சமையலின் அடித்தளமான சாறு. கட்சுவோ என்ற மீனை உலர்த்திப் புகையூட்டிச் சீவிய தூளிலிருந்து பெரும்பாலும் அதை எடுப்பார்கள். மிசோ சூப், நூடுல்ஸ் குழம்பு, தொட்டுக்கொள்ளும் சாறு, வேகவைத்த காய்கறி என எல்லாவற்றிலும் அது இருக்கும். கண்ணுக்கு வெறும் காய்கறியாகத் தெரியும் தட்டில் மீன் சாறு ஊறியிருக்கும். ‘வெஜிடேரியன்’ என்று சொன்னால், மீன் சாப்பிடுபவர் என்று எடுத்துக்கொள்வதும் உண்டு. பரிமாறுபவர் பொய் சொல்வதில்லை, அவர் கணக்கில் சாறு என்பது மீன் ஆகாது. ஜப்பானியக் கறிச் சோறும் இப்படியே: மேலே காய்கறி இருந்தாலும், குழம்புக் கட்டியில் மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ சேர்ந்திருப்பது வழக்கம்.

ஆகவே, இறைச்சி, மீன், கட்சுவோ டாஷி, விலங்குக் கொழுப்பு, முட்டை ஆகியவற்றில் எதெது கூடாது என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி ஜப்பானிய மொழியில் எழுதிய அட்டை ஒன்றைத் தயார் செய்துகொள்ளுங்கள். கடைக்குள் நுழைந்தவுடன், உட்காரும் முன்பே அதைக் காட்டுங்கள். அப்போது மறுப்பதற்கு அவர்களுக்கும் சங்கடம் இருக்காது. பொட்டலங்களில் ஒவ்வாமைப் பொருள்களைக் கட்டாயமாகக் குறிப்பிடும் பட்டியல் உண்டு; இறால், நண்டு, முட்டை, பால், கோதுமை, நிலக்கடலை எல்லாம் அதில் வரும், மீன் வராது. எனவே அந்தக் கட்டத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. ஒருமுறை உருளைக்கிழங்கு வறுவல் பாக்கெட்டின் பின்புறத்தைக் கைபேசிக் கேமரா வழியாக மொழிபெயர்த்துப் பார்த்தேன். உருளைக்கிழங்கு, எண்ணெய், உப்பு என்று வந்து, ஐந்தாவது வரியில் கட்சுவோ சாறு என்று நின்றது.

நிம்மதியாகச் சாப்பிட இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஷோஜின் ர்யோரி எனப்படும் பௌத்தத் துறவிகளின் உணவு. கடற்பாசியிலும் காளானிலும் சாறு எடுக்கும் முற்றான சைவச் சமையல் இது. நகரின் மேற்கே தகாவோ மலையிலுள்ள யாகுவோ-இன் கோயிலில் முன்பதிவு செய்து சாப்பிடலாம். மற்றொன்று, எதோகாவா வட்டத்திலுள்ள (வட்டம் என்பது நகரின் நிர்வாகப் பிரிவு) நிஷி-கசாய். இந்தியக் குடும்பங்கள் நிறைய வாழும் பகுதி என்பதால் நம் உணவகங்களும் மளிகைக் கடைகளும் அங்கே இருக்கின்றன. பத்து நாள் பயணத்தில் நான்காம் நாள் ஒருமுறை அங்கே போய்ச் சாப்பிட்டு வந்தால் மீதி நாள்களுக்குத் தெம்பு வரும்.

மொழி தெரியாமல் சமாளிக்கலாமா? இணையத்துக்கு என்ன செய்வது?

ரயில் அறிவிப்புகளும் பலகைகளும் ஆங்கிலத்தில் உண்டு. ஆட்கள் ஆங்கிலம் பேசுவது குறைவு. மொழிபெயர்ப்புச் செயலியில் ஜப்பானிய மொழிக் கோப்பை இணையமில்லாமலும் இயங்கும்படி முன்பே இறக்கிவையுங்கள். பேசுவதானால் சிறிய, முழுமையான வாக்கியங்களாகப் பேசுங்கள், மொழிபெயர்ப்பு பிசகாது. இ-சிம்மை ஊரிலேயே நிறுவிச் சோதித்துப் பார்த்துவிடுங்கள். ‘சுமிமாசென்’ என்ற ஒரு சொல், மன்னிக்கவும் என்றும், கொஞ்சம் கேளுங்கள் என்றும், நன்றி என்றும் பொருள்பட்டு நாளைக்கு இருபது முறை உதவும்.

மின்சாரமும் சார்ஜரும்?

100 வோல்ட், இரண்டு தட்டை முனை கொண்ட செருகி. கைபேசி, மடிக்கணினி சார்ஜர்களில் 100-240 என்று அச்சிட்டிருந்தால் இணைப்பான் மட்டும் போதும். மூன்று முனைச் செருகிகள் பெரும்பாலான அறைகளில் நுழையாது. 230 வோல்ட்டுக்கான மின்கெண்டி, சிறு குக்கர் ஆகியவற்றைத் தூக்கிச் செல்லாதீர்கள். அவை சரியாகச் சூடாகாது. அறையில் பெரும்பாலும் கெண்டி இருக்கும்.

பழக்கவழக்கங்களில் எதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்?

ரயிலில் கைபேசியில் பேசுவதில்லை; ஒலியை அடக்கிவிட வேண்டும். நகரும் படிக்கட்டில் டோக்கியோ மக்கள் இடப்பக்கம் நிற்பார்கள். டாக்சியின் பின்கதவு தானே திறந்து மூடும். கையால் இழுக்க வேண்டாம். பல வட்டங்களில் தெருவில் புகைபிடிக்கத் தடையும் அபராதமும் உண்டு. 2002இல் சியோதா வட்டம் இதைத் தொடங்கிவைத்தது.

தெருவில் குப்பைத்தொட்டி இருக்காது. 1995இல் சுரங்க ரயிலில் நச்சுவாயு வைக்கப்பட்ட கொடுமைக்குப் பிறகு பல தொட்டிகள் அகற்றப்பட்டன. குப்பையைப் பையில் போட்டு விடுதிக்குக் கொண்டுவர வேண்டும், அதற்கு ஒரு சிறிய பை எப்போதும் இருக்கட்டும். பொதுக் கழிப்பறைகள் இலவசம், தூய்மையானவை; ஆனால் கைதுடைக்கத் தாள் இல்லாத இடங்கள் பல, ஆகவே கைக்குட்டை வேண்டும். கோயில், பழைய உணவகம், சில விடுதிகள் என்று நாளில் பலமுறை காலணியைக் கழற்ற நேரும் என்பதால் எளிதாகக் கழற்றி மாட்டக்கூடியதாகவும், நாளைக்குப் பதினைந்தாயிரம் அடி நடக்கத் தாங்குவதாகவும் காலணி வேண்டும். புதிய காலணியோடு கிளம்பாதீர்கள். ஒரு மாதம் இங்கேயே நடந்து பழக்குங்கள்.

நிலநடுக்கம் வந்தால்?

சிறிய அதிர்வுகள் அங்கே வாடிக்கை. பெரியவையும் வந்திருக்கின்றன: 1923 செப்டம்பர் 1 அன்று நண்பகலுக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது வந்த நிலநடுக்கமும் அதையொட்டிப் பரவிய தீயும் நகரின் பெரும்பகுதியை அழித்தன. இன்றைய கட்டடங்கள் வேறு. 1981 ஜூனில் கட்டட விதிகள் கடுமையாக்கப்பட்டன. அதற்குப் பிந்திய கட்டடமாகத் தங்குமிடத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

ஜப்பானியச் சுற்றுலாத் துறை வெளியிடும் ‘சேஃப்டி டிப்ஸ்’ செயலியை நிறுவிக்கொண்டால் எச்சரிக்கை ஆங்கிலத்தில் வரும். அதிர்வின்போது வெளியே ஓடாதீர்கள், மேசைக்கடியில் தலையைக் காத்துக்கொள்ளுங்கள், மின்தூக்கியில் ஏறாதீர்கள். நம் பயணத்துக்குப் பெரிதும் தேவையானது இன்னொன்று: 2011 மார்ச் 11 அன்று டோக்கியோவில் ரயில்கள் நின்றுபோய், ஏராளமானோர் பல மணி நேரம் நடந்தே வீடு திரும்பினார்கள். குடும்பத்தார் வெவ்வேறு இடத்தில் இருக்கும்போது அப்படி நேர்ந்தால் எங்கே கூடுவது என்பதை முதல் நாளே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அவரவர் விடுதிக்கே வந்துவிட வேண்டும், வேறெங்கும் தேடி அலையக் கூடாது என்பது எங்கள் குடும்ப ஏற்பாடு.

காப்பீடு அவசியமா? உடம்புக்கு முடியாமல் போனால் யாரை அழைப்பது?

அவசியம். சுற்றுலாப் பயணிக்கு அரசு மருத்துவக் காப்பீடு கிடையாது. செலவு முழுவதும் நம்முடையது. மருத்துவக் கட்டணத்தைச் செலுத்தாமல் வந்துவிட்டால் அடுத்த முறை நாட்டுக்குள் நுழையவே மறுக்கப்படலாம். ஏற்கெனவே உள்ள நோய்களும் அடங்கும் காப்பீடாகப் பாருங்கள். முதியவர்களுக்கு இது முக்கியம். ஆம்புலன்சுக்கும் தீயணைப்புக்கும் 119, காவலுக்கு 110. ஆம்புலன்சுக்குக் கட்டணம் இல்லை.

முதியவர்களையும் குழந்தைகளையும் அழைத்துச் செல்லலாமா?

தாராளமாக. நிலையங்களில் மின்தூக்கி உண்டு, ஆனால் எல்லா வாயிலிலும் இருக்காது. மின்தூக்கி உள்ள வாயிலை முன்பே பார்த்து வையுங்கள். ஒரு நாளுக்கு ஒரு பகுதி என்று வகுத்துக்கொண்டால் முதியவர்கள் களைக்கமாட்டார்கள். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு, பெரியவர் ஒருவருக்கு இருவர் வரை ரயில் இலவசம். பதினொரு வயது வரை பாதிக் கட்டணம்.

எவற்றுக்கு முன்பதிவு செய்ய வேண்டும்?

மிடாகாவிலுள்ள, கிப்லி அனிமேஷன் நிறுவனத்தின் அருங்காட்சியகத்துக்கு முன்பதிவு இல்லாமல் நுழைய முடியாது. அடுத்த மாதத்துக்கான சீட்டுகள் ஒவ்வொரு மாதமும் 10ஆம் தேதி ஜப்பான் நேரப்படி காலை 10 மணிக்குத் திறக்கும், விரைவில் தீர்ந்துவிடும். 634 மீட்டர் உயரமுள்ள ஸ்கைட்ரீ கோபுரத்துக்கும் முன்பதிவு நல்லது. ஆனால் மேகமான நாளில் ஏறிப் பயனில்லை என்பதால் அதைக் கடைசி நேரத்தில் முடிவு செய்யுங்கள். உவேனோவிலுள்ள தேசிய அருங்காட்சியகம் உட்படப் பலவும் திங்கட்கிழமை மூடியிருக்கும். திங்கள் பொது விடுமுறையானால் செவ்வாய் மூடுவார்கள். திங்களை அசாகுசாவிலுள்ள சென்சோ-ஜி கோயிலுக்கோ, மெய்ஜி கோயிலின் காட்டுக்கோ ஒதுக்குங்கள்.

சுகினாமி வட்டத்தில் ரென்கோ-ஜி என்ற சிறிய பௌத்தக் கோயில் இருக்கிறது. நேதாஜி சுபாஷ் சந்திர போஸின் அஸ்தி என்று சொல்லப்படுவது அங்கே வைக்கப்பட்டிருக்கிறது. வளாகத்தில் அவருடைய மார்பளவுச் சிலை நிற்கிறது. அவருடைய படையில் சேர்ந்த தமிழர்களின் குடும்பங்களிலிருந்து வருபவர்கள் அரை நாள் ஒதுக்கிப் போய் வரலாம்.

பொருள் தொலைந்துவிட்டால்?

பதற வேண்டாம். ரயிலில் விட்டதை நிலைய அலுவலகத்திலும், தெருவில் விட்டதைக் கோபானிலும் சொல்லுங்கள். எந்தத் தடம், எத்தனையாவது பெட்டி, எத்தனை மணி என்று சொல்ல முடிந்தால் பெரும்பாலும் கிடைத்துவிடும். கடவுச்சீட்டு தொலைந்தால் முதலில் கோபானில் பதிவுசெய்து சான்று வாங்கி, பிறகு உங்கள் நாட்டுத் தூதரகத்துக்குப் போக வேண்டும். கடவுச்சீட்டு, விசா நகல்களும் இரண்டு புகைப்படங்களும் வேறொரு பையில் இருந்தால் அந்த வேலை ஒரு நாள் முன்னதாக முடியும்.

திரும்பும் நாளுக்கு ஏதாவது கவனிக்க வேண்டுமா?

பெட்டிகளை முன்பே அனுப்புவதானால் குறைந்தது ஒரு நாள் முன்னதாக விடுதி முகப்பில் கொடுங்கள். அன்றே சேர்க்க மாட்டார்கள். வரி விலக்கில் பொருள் வாங்குபவர்களுக்கு 2026 நவம்பர் 1 முதல் முறை மாறுகிறது: கடையில் வரியோடு முழு விலையும் கொடுத்து, விமான நிலையச் சுங்கத்தில் பொருளைச் சரிபார்த்த பிறகே வரி திரும்பக் கிடைக்கும். அந்தப் பொருள்களைப் பெட்டியின் அடியில் வைத்துப் பூட்டி முதலிலேயே விமான நிறுவனத்திடம் ஒப்படைத்துவிட்டால் காட்ட முடியாமல் போகும். தனிப் பையில் மேலாக வைத்து, சுங்கத்தை முடித்த பிறகு பெட்டியைக் கொடுங்கள். சுய்காவில் மீதமிருக்கும் யென்னுக்கு விமான நிலையக் கடையில் தண்ணீரோ தின்பண்டமோ வாங்கலாம்; அட்டையில் உள்ளது போக மீதியை ரொக்கமாகத் தருகிறேன் என்று சொன்னால் பெரும்பாலும் வாங்கிக்கொள்வார்கள்.